கூட்டு உழைப்புக்கு யார் பெயரைப் போடுவது?

திருவனந்தபுரத்தில் இயங்கும் மாநிலக் கலைக்களஞ்சிய நிறுவனம் 'சர்வவிஞ்ஞானகோசம்' என்னும் மலையாளக் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியை 1972-இல் கொண்டுவந்தது. அதன் கட்டுரைகள் பலவற்றின் முடிவில் எழுதியவர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கும். பிற்பாடு கேரள அரசு அதன் உள்ளடக்கத்தை குனூ தடையற்ற ஆவண உரிமத்தில் இணையத்தில் வெளியிட்டது. மலையாள விக்கிப்பீடியாவில் அந்தக் கட்டுரைகளை எடுத்தாண்ட பக்கங்களின் அடியில் ஒரு சிறு பெட்டியைப் பார்க்கலாம். கேரள அரசு இன்ன உரிமத்தில் வெளியிட்ட சர்வவிஞ்ஞானகோசத்தின் இன்ன கட்டுரையிலிருந்து உள்ளடக்கம் எடுக்கப்பட்டிருக்கிறது, இங்கே வந்த பிறகு அது கணிசமாக மாறியிருக்கக்கூடும் என்று அந்தப் பெட்டி சொல்கிறது. எங்கிருந்து வந்தது, எந்த நிபந்தனையில் வந்தது, மாறியிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் இரண்டே வாக்கியத்தில் விடை கிடைத்துவிடுகிறது. ஆனால் மூலக் கட்டுரையின் முடிவில் அடைப்புக்குறிக்குள் இருந்தாரே ஒருவர், அவர் பெயர் பெட்டியில் இல்லை. அரசின் பெயர் வந்துவிட்டது. எழுதியவரைத் தேடி இணைப்பைச் சொடுக்கிப் போக வேண்டியிருக்கிறது.

விக்கிப்பீடியர்கள் மீது குறை சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. தாங்கள் எழுதாததை எழுதாதது என்று நேர்மையாகச் சொல்லும் பழக்கம் நம் பதிப்புலகில் எத்தனை அரிது என்று தெரிந்தவர்கள் அந்தப் பெட்டியை மதிக்கவே செய்வார்கள். திறந்த உரிமத்தில் பலர் கூடிச் செய்யும் வேலைகள் எல்லாவற்றுக்கும் உள்ள ஒரு சிக்கலை இந்தப் பெட்டி தெளிவாகக் காட்டுகிறது என்பதால்தான் இதிலிருந்து தொடங்குகிறேன். பத்துப் பேர், நூறு பேர், சில வேளை லட்சம் பேர் கைவைத்த ஒன்றை வேறொருவர் எடுத்து மறுபடி வெளியிடும்போது, யார் பெயரை, எங்கே, எந்த அளவுக்குப் போட வேண்டும்? என் பதில் இது. கூட்டுப் பெயர் போடுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் தனித்தனி மனிதர்களின் பெயர்கள் உள்ள பதிவேட்டை ஒருவர் அடைய முடிய வேண்டும். அந்த வழி இல்லாத கூட்டுப் பெயர் நன்றி ஆகாது. அது பெயரை மறைக்கும் திரை.

முதலில் உரிமங்கள் உண்மையில் என்ன கேட்கின்றன என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் இது பற்றிய அச்சங்களில் பாதி உரிமத்தைப் படிக்காததால் வருவது. கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தில் பெயர் குறிப்பிடும் நிபந்தனை மிகவும் நெகிழ்வானது. படைத்தவர் எப்படிக் குறிப்பிடச் சொல்லியிருக்கிறாரோ அப்படி, ஊடகத்துக்கும் சூழலுக்கும் பொருந்திய நியாயமான எந்த முறையிலும் செய்யலாம் என்கிறது. புனைபெயர் கொடுத்திருந்தால் புனைபெயரே போதும். தேவையான தகவல்கள் இருக்கும் பக்கத்துக்கு ஓர் இணைப்புக் கொடுத்தாலும் நிபந்தனை நிறைவேறியதாகக் கொள்ளலாம். மாற்றம் செய்திருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். மூலப் படைப்பாளி நம் வேலையை ஆதரிப்பதாகத் தோன்றும்படி எழுதக் கூடாது. 'என் பெயரை எடுத்துவிடுங்கள்' என்று அவர் கேட்டால், நியாயமாக முடிந்த அளவு எடுத்துவிட வேண்டும். எங்குமே 'எல்லாப் பெயர்களையும் அட்டையில் அச்சிடு' என்று இல்லை.

இந்த நெகிழ்வு சும்மா வந்துவிடவில்லை. இதற்குப் பின்னால் சில கசப்பான பாடங்கள் இருக்கின்றன. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பழைய மென்பொருள் உரிமத்தில், இந்த நிரலைக் குறிப்பிட்டு விளம்பரம் செய்தால் பல்கலைக்கழகத்துக்கு நன்றி தெரிவிக்கும் ஒரு வாக்கியத்தைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஒரு வாக்கியந்தானே என்றுதான் தோன்றும். ஆனால் அதைப் பார்த்து மற்றவர்களும் பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பதில் தங்கள் பெயரைப் போட்டு அதே விதியை எழுதிக்கொண்டார்கள். 1997-இல் வந்த நெட்பிஎஸ்டி இயங்குதளத்தில் இப்படிப்பட்ட 75 வாக்கியங்களை எண்ணியதாகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதியிருக்கிறார். 1999-இல் பெர்க்லி அந்த விதியைக் கைவிட்டது. குனூ ஆவண உரிமத்திலும் இதுபோன்ற ஓர் இடர் இருந்தது. மென்பொருள் கையேடுகளுக்காக எழுதப்பட்ட அந்த உரிமம், மாற்றி வெளியிடுவோர் முதன்மை ஆசிரியர்களில் குறைந்தது ஐந்து பேரைத் தலைப்புப் பக்கத்தில் இடச் சொன்னது. ஒரு கையேட்டுக்கு இது பொருந்தும். நூற்றுக்கணக்கானோர் வருடக்கணக்கில் திருத்திய ஒரு விக்கிக் கட்டுரையில் அந்த ஐவர் யார் என்று தீர்மானிப்பதே தனி வழக்காகிவிடும். 2009-இல் பங்களிப்பாளர்களிடையே வாக்கெடுப்பு நடத்தி விக்கிப்பீடியா கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறியதற்கு இத்தகைய நடைமுறைத் தொல்லைகளும் காரணம்.

இங்கிருந்துதான் முதல் மறுப்பு கிளம்புகிறது. 'பார்த்தீர்களா, எல்லாப் பெயரையும் போடுவது நடக்காத காரியம், அதனால் நிறுவனத்தின் பெயரை மட்டும் போட்டுவிடலாம்' என்பார்கள். முதல் பாதியே முழு உண்மையில்லை. 2008-இல் ஜெர்மனியின் பெர்டல்ஸ்மன் பதிப்பகம் ஜெர்மன் விக்கிப்பீடியாவிலிருந்து ஒற்றைத் தொகுதிக் கலைக்களஞ்சியம் ஒன்றை அச்சிட்டபோது ஏறத்தாழ 90,000 பங்களிப்பாளர்களின் பெயர்களைப் பொடி எழுத்தில் சேர்த்தே வெளியிட்டது. 2015-இல் மைக்கேல் மேண்டிபெர்க் என்னும் கலைஞர் ஆங்கில விக்கிப்பீடியா முழுவதையும் அச்சு நூலாக வடிவமைத்தார். மொத்தம் 7,473 தொகுதிகள். அதில் ஏறக்குறைய 75 லட்சம் பங்களிப்பாளர்களின் பெயர்ப் பட்டியல் 36 தொகுதிகளில் அடங்கிவிட்டது. மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே ஆண்டில் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி செர்ன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கக் கட்டுரையில் 24 பக்கம் அவர்கள் பெயரும் நிறுவனங்களும்தான். இயற்பியல் இதழ் அதற்காக அதைத் திருப்பி அனுப்பிவிடவில்லை. மனம் இருந்தால் பட்டியலுக்கு இடம் கிடைக்கும் என்பதை இந்த மூன்றும் காட்டுகின்றன.

ஆனாலும் இந்த உதாரணங்களை வைத்து 'எல்லா இடத்திலும் எல்லாப் பெயரையும் போடு' என்று நான் வாதிடவில்லை. ஒரு துண்டறிக்கையில், ஒரு வரைபடத்தின் ஓரத்தில், கைபேசித் திரையில் அது முடியாது, தேவையும் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை எடுத்தாள்பவர்கள் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று ஒரு வரி போட்டால் போதும் என்பது அந்தத் திட்டத்தினர் தாங்களே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. 2018 வெள்ளத்தின்போது கேரளத்தின் சாலைகளையும் வீடுகளையும் அதில் வரைந்து சேர்த்த தன்னார்வலர்கள் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறார்கள். அவர்கள் காணாமல் போய்விடவில்லை என்று எப்படிச் சொல்ல முடிகிறது? அந்த வரைபடத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும் வரலாறு இருக்கிறது. எந்தப் பயனர், எந்த நாளில், எதை வரைந்தார் என்பதைத் தேடி எடுக்கலாம். சுருக்கமான வரி முன்னால் நிற்கிறது, முழுப் பதிவேடு பின்னால் நிற்கிறது, இரண்டையும் இணைக்கும் வழி திறந்திருக்கிறது. விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: கட்டுரைப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கலாம், உரிமத்துக்கு உட்பட்டு நிலையாக வேறோரிடத்தில் உள்ள நகலுக்கு இணைப்புக் கொடுக்கலாம், அல்லது ஆசிரியர்கள் அனைவரின் பட்டியலையும் தரலாம். பட்டியல் தரும்போது மிகச் சிறிய, பொருத்தமற்ற பங்களிப்புகளை விட்டுவிடவும் இடமுண்டு.

ஆக, ஆயிரம் பேரைக் கூட்டுப் பெயரால் குறிப்பதில் ஆபத்து இல்லை. ஆயிரம் பேருடைய இடத்தில் ஒரு நிறுவனத்தை உட்கார வைப்பதில்தான் ஆபத்து. நம் நாட்டில் இது அரசுத் திட்டங்களில் இயல்பாகவே நடந்துவிடுகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை அரசுப் படைப்பின் முதல் உரிமையாளர் அரசே என்கிறது. இதைப் படித்துவிட்டு, உரிமை அரசுடையதென்றால் பெயரும் அரசுடையதே என்று அதிகாரிகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு வேறு பேசுகிறது. பதிப்புரிமையை முழுவதும் எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், 'இதைப் படைத்தவர் நான்' என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது. தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அகற்றிச் சிதைத்த வழக்கில், 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கொண்டுதான் மத்திய அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, மிச்சத்தைச் சிற்பியிடமே திருப்பித் தரச் சொல்லி 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. அது சிதைவு பற்றிய வழக்குத்தான், பெயர் பற்றியதல்ல. ஆனால் பணம் கொடுத்து வாங்கியவர் அரசே ஆனாலும் படைப்பாளியின் உறவு அறுந்துவிடுவதில்லை என்ற அடிப்படையை அது உறுதி செய்தது. சர்வவிஞ்ஞானகோசத்தின் உரிமை அரசிடம் இருக்கலாம். ஒரு கட்டுரையை எழுதியவர் அதன் முடிவில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் மனிதர்.

இதை அரசு நிறுவனங்களால் சரியாகச் செய்ய முடியுமா என்ற ஐயத்துக்குத் திருவனந்தபுரத்திலேயே பதில் இருக்கிறது. பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட, கேரள அரசின் கைட் நிறுவனம் நடத்தும் பள்ளிகளுக்கான 'ஸ்கூல்விக்கி' 2009-இல் தொடங்கியது. விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் ஓடுவது. 2020 ஊரடங்கின்போது 'அட்சரவிருட்சம்' என்ற பெயரில் குழந்தைகளிடமிருந்து கதை, கவிதை, கட்டுரைகள் கேட்டார்கள். சுற்றுச்சூழல், தூய்மை, நோய்த் தடுப்பு ஆகியவை பொருள்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் வந்தன. அந்தப் பக்கங்கள் ஒன்றைத் திறந்து பாருங்கள். படைப்பின் அடியில் குழந்தையின் பெயர், வகுப்பு, பள்ளி, கல்வி உபமாவட்டம், மாவட்டம், ஆண்டு எல்லாம் ஒரு வார்ப்புருவுக்குள் இருக்கும். அதற்கும் கீழே, பக்கத்தைத் தொழில்நுட்ப ரீதியாகச் சரிபார்த்தவரின் பயனர் பெயரும் தேதியும். தட்டச்சு செய்து ஏற்றியவரை வரலாற்றுப் பக்கத்தில் பார்க்கலாம். எழுதியவர், சரிபார்த்தவர், ஏற்றியவர் என்று மூன்று வேலைக்கும் மூன்று தனித்தனி இடம். ஐம்பதாயிரம் பக்கத்துக்கும் ஒரே வார்ப்புரு என்பதால் கூடுதல் செலவும் இல்லை. கேரள மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமத்தின் (எஸ்.சி.ஈ.ஆர்.டி.) பாடநூல்களிலும் நூலாக்கப் பட்டறையில் பங்கேற்ற ஆசிரியர்கள், ஓவியர்களின் பெயர்ப் பட்டியல் அச்சாகிறது. ஆகவே 'அரசு அமைப்பில் தனிப்பெயர் போட முடியாது' என்பது உண்மையல்ல. வடிவமைக்கும்போதே நினைத்தால் முடிகிறது, பிறகு நினைத்தால் முடிவதில்லை.

தமிழிலும் இந்த மரபு வலுவாக இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், ஒவ்வொரு மின்னூலின் தலைப்பிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களைப் போட்டது. இந்தத் தலைப்புப் பகுதியை நீக்காமல் வைத்துக்கொண்டால் யாரும் தாராளமாகப் பகிரலாம் என்பதுதான் அதன் நிபந்தனை. தமிழ் விக்கிமூலம் ஒரு படி மேலே போகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் அங்கே வந்தபோது அவை பொதுக்கள உரிமத்தில் வந்தன. அதாவது யாருக்கும் நன்றி சொல்ல வேண்டிய சட்டக் கட்டாயமே இல்லை. அப்படியிருந்தும் விக்கிமூலத்திலிருந்து ஒரு நூலை மின்னூலாகத் தரவிறக்கினால், கடைசியில் அதில் உழைத்த பயனர்களின் பெயர்கள் தாமாகவே பட்டியலாகி வந்துவிடுகின்றன. ஒரு பக்கத்தை மெய்ப்புப் பார்த்தவரும் அதில் இருப்பார், முந்நூறு பக்கம் பார்த்தவரும் இருப்பார். பதிவேட்டைக் கணினி எழுதி வைத்திருக்கிறது, பட்டியலையும் கணினியே எடுத்துத் தருகிறது. பெயர் போடுவது பெரிய வேலை என்ற சாக்கு இங்கே செல்லாது.

'ஒரு காற்புள்ளியைத் திருத்தியவரும் முழுக் கட்டுரையை எழுதியவரும் ஒன்றா?' என்பது அடுத்த மறுப்பு. நியாயமான கேள்வி. ஒன்றல்ல. ஆனால் எழுத்துகளை எண்ணி வரிசைப்படுத்துவதும் இதற்குத் தீர்வாகாது. மெய்ப்புப் பார்ப்பவர் ஒரு பக்கத்தில் ஐந்து எழுத்தைத்தான் மாற்றியிருப்பார். அந்த ஐந்தைக் கண்டுபிடிக்க ஐயாயிரம் எழுத்தைப் படித்திருப்பார். அளவை விட வேலையின் வகையைச் சொல்வது மேலானது. அறிவியல் இதழ்கள் இப்போது பின்பற்றும் 'கிரெடிட்' வகைப்பாடு ஓர் ஆய்வில் நடக்கும் வேலையை 14 வகையாகப் பிரித்து யார் எதைச் செய்தார் என்று எழுதச் சொல்கிறது. மதுரைத் திட்டத்தின் தலைப்பும் அட்சரவிருட்சத்தின் வார்ப்புருவும் எளிய முறையில் இதையே செய்கின்றன. தனித்துப் பிரித்தெடுக்கக் கூடிய படைப்பு, உதாரணமாக ஒரு கவிதையோ ஓவியமோ நிழற்படமோ, இருந்தால் அது பயன்படும் இடத்திலேயே படைத்தவர் பெயர் வர வேண்டும். பிரிக்க முடியாதபடி கலந்துவிட்ட உரைக்குக் கூட்டுப் பெயரும் வரலாற்று இணைப்பும் போதும். நூல் முழுவதற்கும் ஒரே கூட்டுப் பெயரைப் போட்டு, நடுவில் உள்ள நிழற்படத்தை எடுத்தவரையும் அதற்குள் கரைத்துவிடுவது நான் பல இடங்களில் காணும் தவறு.

'இணைப்பு செத்துவிட்டால்?' என்பது இதைவிடக் கடினமான மறுப்பு. அரசுத் தளங்கள் முகவரி மாற்றுகின்றன, வழங்கி மாறும்போது பழைய பக்கங்கள் தொலைகின்றன. முழு நன்றியும் ஓர் இணைப்பில் தொங்கினால், இணைப்பு அறுகிற அன்று நன்றியும் அறுந்துபோகும். இதற்கு நான் ஒப்புக்கொள்ளும் விடை, இணைப்பை மட்டும் நம்பக் கூடாது என்பதே. இணைப்போடு கட்டுரைத் தலைப்பு, மூலத் திட்டத்தின் பெயர், எடுத்த தேதி ஆகியவற்றையும் எழுத்தில் போட வேண்டும். மூலத்தில் ஆசிரியர் பெயர் கண்ணெதிரே இருந்தால் அதையும் படியெடுத்துவிட வேண்டும். சர்வவிஞ்ஞானகோசப் பெட்டியில் இன்னும் ஒரு சிறு இடம் இருந்து, அடைப்புக்குறிக்குள் உள்ள பெயரையும் அது ஏந்தியிருந்தால், மூலத் தளம் என்ன ஆனாலும் அந்தப் பெயர் பிழைத்திருக்கும். அச்சு நூலோ பள்ளிக்குக் கொடுக்கும் குறுவட்டோ என்றால், வெளியிடும் நாளில் பங்களிப்பாளர் பட்டியலை எடுத்து அதற்குள்ளேயே வைத்துவிடுவதுதான் பாதுகாப்பு. இணையம் இல்லாத வகுப்பறையில் இணைப்பு ஒரு வெற்றுக் கோடு.

குழந்தைகளைப் பற்றிய கவலையையும் ஒதுக்கிவிட முடியாது. நான்காம் வகுப்புக் குழந்தையின் முழுப்பெயரும் பள்ளியும் என்றென்றைக்கும் தேடுபொறியில் கிடைப்பது நல்லதா? 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. இதைக் காட்டி, பெயரே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. பெயர் போடும் உரிமைக்குள் பெயர் போடாதிருக்கும் உரிமையும் அடங்கியிருக்கிறது. உரிமமே புனைபெயரை ஏற்கிறது, நீக்கக் கேட்டால் நீக்கவும் சொல்கிறது. ஆகவே குழந்தையையும் பெற்றோரையும் கேட்டு, முழுப்பெயரா, முதல் பெயர் மட்டுமா, புனைபெயரா என்று அவர்கள் சொல்வதை எழுத வேண்டும். 'தன்னார்வலர்கள் புகழுக்காக வருவதில்லை' என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். புகழ் வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் உழைத்தவர், வெளியிடுபவர் அல்ல. மேலும் பெயர் என்பது புகழ் மட்டுமல்ல, பொறுப்பும்கூட. கட்டுரையில் ஒரு பிழை இருந்தால் யாரைக் கேட்பது, எந்த மூலத்தைச் சரிபார்ப்பது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். துறையின் முத்திரைக்குப் பின்னால் பிழையும் பெயரில்லாமல் ஒளிந்துகொள்ளும்.

எனவே, திறந்த உரிமத்தில் எதையாவது வெளியிடவோ எடுத்தாளவோ போகிறவர்களிடம் நான் கேட்பது சில எளிய காரியங்கள்தான். வேலையைத் தொடங்கும் முன்பே பெயருக்கான இடத்தை வார்ப்புருவில் வையுங்கள். யார் எந்த வேலையைச் செய்தார் என்று எழுதுங்கள். தனிப் படைப்புக்குத் தனிப்பெயரும், கலந்த உரைக்குக் கூட்டுப் பெயரும் வரலாற்று இணைப்பும் கொடுங்கள். மாற்றியிருந்தால் மாற்றியதைச் சொல்லுங்கள். அச்சிலும் இணையமில்லா வடிவத்திலும் முழுப் பட்டியலை உள்ளேயே வையுங்கள். உரிமையாளர் பெயரை ஆசிரியர் இடத்தில் எழுதாதீர்கள், இரண்டுக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். திறந்த உரிமத்தில் உழைப்பவர்கள் பணத்தையும் தடுக்கும் அதிகாரத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். பெயர் சொல்ல வேண்டும் என்று அவர்கள் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்ட நிபந்தனையையாவது நாம் முழுதாக நிறைவேற்ற வேண்டும்.